துடைப்பம் பிடித்தவர்கள்: 924 கில்மன் தெருவின் கதை

இன்னிக்கு எபிசோடு ஒரு நோட்டீஸிலிருந்து தொடங்குது.

1980களின் கடைசியில் அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி நகரத்தில் ஒட்டப்பட்ட கச்சேரி நோட்டீஸ்கள் இன்னும் பலரிடம் பத்திரமாக இருக்கின்றன. ஜெராக்ஸ் எடுத்த கறுப்பு வெள்ளைத் தாள். நாலைந்து பேண்டுகளின் பெயர். கீழே தேதி, கட்டணம், ஒரு முகவரி: 924 கில்மன் ஸ்ட்ரீட். அந்தத் தாள்களில் பொடி எழுத்தில் இருந்த சில பெயர்கள் பின்னாளில் உலகம் முழுக்கச் சுற்றின. ஆபரேஷன் ஐவி, கிரீன் டே எல்லாம் அங்கேயிருந்து வந்தவைதான்.

எனக்கு அந்த நோட்டீஸைப் பார்த்தா வேற ஒரு கேள்வி வரும். அன்னிக்குச் சாயந்திரம் பூட்டைத் திறந்தது யாரு? வாசலில் உட்கார்ந்து காசு வாங்கினது யாரு? எல்லாரும் போனதுக்கு அப்புறம் தரையைத் துடைச்சது யாரு? இவங்க பெயர் எந்த நோட்டீஸிலும் இல்லை. ஒருத்தருக்கும் சம்பளமும் இல்லை. ஆனால் இவர்கள் இல்லாமல் அந்தப் பேண்டுகளின் முதல் கச்சேரியே நடந்திருக்காது. அதனால இன்னிக்கு மேடைக்குக் கீழே நின்னவங்களோட வரலாறு.

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கணும். சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவின் மேற்கே சான் ஃபிரான்சிஸ்கோ, கிழக்கே ஓக்லண்ட், பெர்க்லி. ராக் கச்சேரியைப் பெரிய தொழிலாக மாற்றிய ஊர்களில் இதுவும் ஒன்று. 1960களின் நடுவில் பில் கிரஹாம் என்பவர் ஃபில்மோர் அரங்கில் கச்சேரி நடத்தத் தொடங்கி, அமெரிக்காவின் மிகப் பெரிய கச்சேரி அமைப்பாளர்களில் ஒருவராக வளர்ந்தார். டிக்கெட், விளம்பரம், ஒலி, பாதுகாப்பு எல்லாம் கச்சிதமாக இருக்கும். ஆனால் ஒரு தொழில்முறை அமைப்பாளர் அரங்கை நிரப்பியாக வேண்டும். போன வாரம் கிட்டார் வாங்கின பதினாறு வயசுப் பையனை மேடையேற்றினால் அரங்கு நிரம்பாது.

சரி, சின்ன இடத்தில் வாசிக்கலாமே? அங்கேதான் சிக்கல். சின்ன இடம் என்றால் பெரும்பாலும் பார். கலிஃபோர்னியாவில் 1933-லிருந்தே மது வாங்கும் வயது 21. அந்த வயசு வராதவர்களைப் பல பார்கள் உள்ளேயே விடாது. பாட்டு கேட்க ஆசைப்படுகிற பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இடமில்லை, வாசிக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கும் இடமில்லை. தெற்கே லாஸ் ஏஞ்சலஸில் இன்னும் மோசம். அங்கே பல கிளப்புகள் 1980களில் பேண்டிடமே டிக்கெட்டுகளை மொத்தமாக விற்றன. பேண்ட் முன்பணம் கொடுத்து அதை வாங்கணும், நண்பர்கள், சொந்தக்காரர்கள் தலையில் கட்டணும். விற்காவிட்டால் நஷ்டம் பேண்டுக்கு. அதாவது புது ஆளு காசு கொடுத்து வாசிக்கணும்!

அந்த நேரத்தில் இந்தப் பகுதியில் டிம் யோஹானன் என்று ஒருவர் இருந்தார். 1945-இல் பிறந்தவர். பங்க் இசைக்காரர்களை விட ஒரு தலைமுறை மூத்தவர். 1970களின் கடைசியில் பெர்க்லியின் கே.பி.எஃப்.ஏ. வானொலியில் ‘மேக்ஸிமம் ராக்கன்ரோல்’ என்ற பங்க் நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1982-இல் அதே பெயரில் ஒரு பத்திரிகையும் வந்தது. மலிவான தாள், பொடி எழுத்து, வேலை செய்த யாருக்கும் சம்பளம் கிடையாது. உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒரு பேண்ட் எழுதிப் போட்டாலும் அதில் ஒரு பத்தியாவது வரும்.

1980களின் நடுவில் இளம் பசங்களுக்கென்று ஒரு இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. விக்டர் ஹேடன், ட்ரம்மரும் கச்சேரி அமைப்பாளருமான கமலா பார்க்ஸ் போன்றவர்கள் கட்டிடம் தேடினார்கள். மேற்கு பெர்க்லியில், சின்னத் தொழிற்சாலைகளும் கிடங்குகளும் இருந்த பகுதியில் ஒரு கிடங்கு கிடைத்தது. அதுதான் 924 கில்மன். வாடகைக்கும் ஆரம்பச் செலவுக்கும் மேக்ஸிமம் ராக்கன்ரோல் பத்திரிகை பணம் போட்டது.

இதுக்கப்புறம் நடந்ததை யாரும் பாட்டா எழுத மாட்டாங்க. நகராட்சியில் அனுமதி வாங்கணும். பக்கத்துக் கடைக்காரர்களிடம் போய், ‘பங்க் பசங்கதான், ஆனா உங்க கண்ணாடிய உடைக்க மாட்டாங்க’ன்னு நம்ப வைக்கணும். சுவர் எழுப்பணும், கழிப்பறை கட்டணும், ஒயர் இழுக்கணும். 1986-இல் மாதக்கணக்கில் பசங்களும் பெரியவங்களும் சேர்ந்து இந்த வேலையைத்தான் பார்த்தார்கள். கடைசியில் 1986 டிசம்பர் 31 ராத்திரி, புத்தாண்டுக்கு முந்தைய இரவு, முதல் கச்சேரி நடந்தது.

வாசலில் விதிகள் எழுதி வைக்கப்பட்டன. மது கூடாது, போதைப் பொருள் கூடாது, சண்டை கூடாது. இனவெறி, பெண்களை இழிவுபடுத்துவது, ஓரினச் சேர்க்கையாளர்களை இழிவுபடுத்துவது எதுவும் கூடாது. எந்த வயசுக்காரரும் வரலாம். உள்ளே வர உறுப்பினர் அட்டை வேண்டும். வருஷத்துக்கு 2 டாலர். கச்சேரிக் கட்டணம் 5 டாலர் அளவில் இருந்தது.

அந்த அட்டை வெறும் பாஸ் இல்லைங்க. உறுப்பினர் என்றால் கூட்டத்துக்கு வரலாம், கையைத் தூக்கலாம், ஓட்டுப் போடலாம். எந்த விதி இருக்கணும், யாரைத் தடை செய்யணும், உடைஞ்ச ஸ்பீக்கருக்குக் காசு எங்கிருந்து வரும், எல்லாம் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும். பதினைந்து வயசுப் பெண்ணுக்கும் நாற்பது வயசு யோஹானனுக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு.

இப்போ ஒரு கணக்கு போடுவோம். இது நானா போடுற உதாரணக் கணக்கு. நூறு பேர் வர்றாங்க, தலைக்கு 5 டாலர், மொத்தம் 500 டாலர். இதில் வாடகைக்கு ஒரு பங்கு, மின்சாரத்துக்கு ஒரு பங்கு, இன்சூரன்ஸுக்கு ஒரு பங்கு. மிச்சத்தை நாலு பேண்டு பிரிச்சுக்கணும். வெளியூரிலிருந்து வேனில் வந்த பேண்டுக்குப் பெட்ரோல் காசாவது கொடுக்கணும். ஒரு சாதாரண கிளப் இந்தப் பள்ளத்தை பீர் விற்று நிரப்பும். நுழைவுக் கட்டணத்தை விட பாரில்தான் லாபம். கில்மனில் பார் கிடையாது. அப்போ வாசலில் நிற்கிறவர், மிக்ஸரில் உட்காருகிறவர், சண்டையை விலக்குகிறவர், கழிப்பறை கழுவுகிறவர் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தால் முதல் மாசமே இழுத்து மூட வேண்டியதுதான்.

ஆக, இங்கே தன்னார்வம் என்பது நல்ல மனசு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் கிடையாது. மது விற்காத இடத்தில் மது வருமானத்தின் இடத்தை மனித உழைப்பு பிடித்துக்கொண்டது. காசில்லாத பசங்க ராத்திரி ஒரு வேலை செய்தால் கட்டணமில்லாமல் கச்சேரி கேட்கலாம். நிறையப் பேர் அப்படித்தான் உள்ளே வந்தார்கள். முதல் மாசம் துடைப்பம், அப்புறம் வாசல், அப்புறம் சவுண்ட். அதுக்கப்புறம் அவங்களே ஒரு ராத்திரிக்குப் பேண்டுகளைக் கூப்பிட்டு நிகழ்ச்சி அமைப்பாங்க. கொஞ்ச நாளில் அவங்களே ஒரு பேண்ட் தொடங்குவாங்க. கேட்கிறவர், நடத்துகிறவர், வாசிக்கிறவர்னு மூணு தனி ஜாதி அங்கே இல்லை.

ஆரம்ப காலத்தில் ஐசாக்ரசி என்று ஒரு பேண்ட். வாசிக்கும்போது மூட்டை மூட்டையாகக் குப்பையைக் கொண்டு வந்து கூட்டத்தின் மேல் வீசுவார்கள். கூட்டம் திருப்பி வீசும். ஒரே கொண்டாட்டம். முடிஞ்சதும் யாராவது கூட்டிப் பெருக்கணும் இல்லையா? அந்த ‘யாராவது’தான் நம்ம கதாநாயகர்கள்.

1987-இல் ஆபரேஷன் ஐவி வந்தது. பங்க் வேகத்தையும் ஜமைக்காவின் ஸ்கா தாளத்தையும் கலந்த பேண்ட். பிறந்த மாசத்திலேயே கில்மன் மேடை ஏறியது. முதல் கச்சேரி பிரமாதமா இருக்கணும்னு அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுதான் முக்கியம். ஒரு புது பேண்டுக்குத் தேவையானது திறமைசாலின்னு கண்டுபிடிக்கிற ஒருத்தர் இல்லை. பத்து தடவை சொதப்பிட்டு பதினோராவது தடவையும் வரலாம்னு சொல்கிற ஒரு இடம். நம்ம சென்னை சபாக்களில் மதியக் கச்சேரி ஞாபகம் வருதா? சாயங்கால டிக்கெட் கச்சேரிக்குப் போகிற வழியில் இலவச மதிய மேடைதான் பல பேருக்கு முதல் படி. கில்மனில் சாயங்காலக் கச்சேரியே மதியக் கச்சேரி மாதிரிதான்.

அதே 1987-இல் லாரி லிவர்மோரும் டேவிட் ஹேஸும் லுக்அவுட் ரெக்கார்ட்ஸ் என்ற குட்டி நிறுவனத்தைத் தொடங்கி, இந்தக் கூட்டத்துப் பேண்டுகளின் பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட ஆரம்பித்தார்கள். மேக்ஸிமம் ராக்கன்ரோல் பத்திரிகையும் கில்மன் பேண்டுகளின் ஒரு தொகுப்பை வெளியிட்டது. சுவருக்குள் கேட்ட சத்தம் ஊர் தாண்டிப் போகத் தொடங்கியது.

ஆனா இந்தக் கதை இனிப்பா மட்டும் போகலை.

1988 செப்டம்பரில் கில்மன் மூடப்பட்டது. முதல் இரண்டு வருஷத்தின் பணச்சுமையும் களைப்பும் சேர்ந்து யோஹானனும் பத்திரிகைக்காரர்களும் கையை விட்டார்கள். தன்னார்வ அமைப்புகளின் வழக்கமான சாவு இது. ஒரு பெரிய மனுஷர் தாங்கிப் பிடிப்பார், அவர் களைத்ததும் கதை முடியும். எத்தனை காலேஜ் இசைக்குழு, எத்தனை சினிமா சொசைட்டி இப்படிப் போயிருக்குன்னு நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

கில்மனில் மட்டும் அது நடக்கவில்லை. வாசலிலும் மிக்ஸரிலும் நின்று பழகிய பசங்கள் சாவியைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். வாடகைப் பொறுப்பை ஏற்று, லாப நோக்கமில்லாத அமைப்பாக இடத்தைத் திரும்பத் திறந்தார்கள். துடைப்பம் பிடித்தவர்களுக்குக் கணக்கு நோட்டும் தெரிந்திருந்தது. இரண்டு வருஷக் கூட்டங்களும் ஓட்டுகளும் கொடுத்த பயிற்சி அது.

அந்த 1988 முடிவதற்குள் அந்த மேடையில் ஒரு புது பேண்ட் ஏறியது. பெயர் ஸ்வீட் சில்ட்ரன். பில்லி ஜோ ஆம்ஸ்ட்ராங், மைக் டர்ன்ட், இரண்டு பேருக்கும் வயசு 16. பெர்க்லிக்கு வடக்கே, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இருக்கிற ரோடியோ என்ற சின்ன ஊர்க்காரர்கள். அடுத்த வருஷம் பேரை மாற்றிக்கொண்டார்கள்: கிரீன் டே. 1989 மே 28 அன்று ஆபரேஷன் ஐவியின் கடைசிப் பெரிய கச்சேரி கில்மனில் நடந்தபோது, அதில் முன்னால் வாசித்த பேண்டுகளில் கிரீன் டேயும் ஒன்று. ஒரு பேண்ட் மேடையை விட்டு இறங்குகிற ராத்திரியிலேயே அடுத்தது ஏறுகிறது.

அதே காலகட்டத்தில் இன்னொரு ஆபத்து. நாஜிச் சின்னம் போட்ட மொட்டைத்தலைக் கும்பல்கள் பங்க் கச்சேரிகளுக்கு வந்து அடிதடி செய்தன. காசுள்ள கிளப்பாக இருந்தால் பவுன்சர் வைக்கும். இங்கே வாசலில் நின்றது சம்பளமில்லாத இளவட்டம். ஆனாலும் விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு கட்டத்தில் கேட்க வந்த கூட்டமும் சேர்ந்து அவர்களை எதிர்த்து வெளியே தள்ளியது. சுவரில் எழுதின விதிக்கு எவ்வளவு பலம்னு கேட்டா, அதுக்காகக் கூட நிற்கிற ஆட்கள் எத்தனை பேரோ அவ்வளவுதான்.

இது பெர்க்லியோடு நிற்கவில்லை. வாஷிங்டனில் 1985-இலிருந்தே பாஸிட்டிவ் ஃபோர்ஸ் என்ற இளைஞர் குழு சம்பளமில்லாமல் நிதி திரட்டும் கச்சேரிகளை நடத்தி வந்தது. அந்த ஊர் பேண்டான ஃபுகாஸி, எல்லா வயதினரும் வரலாம், கட்டணம் 5 டாலர் அளவில்தான் இருக்கணும் என்பதில் பிடிவாதமாக இருந்தது. 1992-இல் மேக்ஸிமம் ராக்கன்ரோல் ஒரு கையேடு போட்டது. ‘உன் வாழ்க்கையை நீயே புக் பண்ணிக்கோ’ன்னு தலைப்பு, நடுவுல ஒரு கெட்ட வார்த்தை, அதை நான் விட்டுட்டேன். எந்த ஊரில் யார் கச்சேரி அமைப்பார், எந்தக் கடை இசைத்தட்டு விற்கும், யார் வீட்டுத் தரையில் பேண்ட் படுத்துத் தூங்கலாம், எல்லாம் முகவரியோடு இருந்தது. இணையம் பரவாத காலம். அந்தக் கையேட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஏஜென்ட் இல்லாமல் போன் போட்டே நாடு சுற்றி வந்தன பேண்டுகள்.

இப்போ கதையின் கஷ்டமான இடத்துக்கு வர்றோம்.

கில்மனில் இன்னொரு விதி இருந்தது. பெரிய இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்ட பேண்டுக்கு மேடை கிடையாது. 1993-இல் கிரீன் டே ரீப்ரைஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1994 பிப்ரவரியில் ‘டூக்கி’ ஆல்பம் வந்தது. அமெரிக்காவில் மட்டுமே ஒரு கோடிக்கு மேல் போனது. தங்களை வளர்த்த வீட்டின் கதவு அவர்களுக்கு மூடிக்கொண்டது. கிரீன் டே அடுத்த ஆல்பத்தில் ‘86’ என்ற பாட்டில் அந்த வலியைப் பாடியது.

இது பொறாமைதானேன்னு நீங்க கேட்கலாம். கொஞ்சம் இருந்திருக்கும். விதி வெறியாக மாறினதும் உண்டு. 1994 மே மாதம், டெட் கென்னடிஸ் பேண்டின் பாடகர் ஜெல்லோ பியாஃப்ரா பார்வையாளராக அங்கே வந்தபோது, ‘நீ விலைபோனவன்’ என்று சொல்லி ஒரு கும்பல் தாக்கி அவர் காலில் பலத்த காயம். வன்முறை கூடாதுன்னு எழுதி வைத்த அதே இடத்தில்! தூய்மை பேசுகிற எந்தக் கூட்டத்துக்கும் இந்த நோய் வரும். அதை மூடி மறைக்கிறதுல அர்த்தமில்லை.

ஆனாலும் அந்த விதியை நான் நியாயம்னுதான் நினைக்கிறேன். காரணம் கணக்கு. ‘டூக்கி’க்கு அப்புறம் கிரீன் டே கில்மனில் ஒரு ராத்திரி வாசித்தால் தெரு அடைபடும். வருகிற கூட்டம் அவர்களுக்காக மட்டும் வரும். பெரிய நிறுவனத்தின் ஆட்கள், கேமராக்கள், பாதுகாப்பு எல்லாம் உள்ளே வரும். மிக்ஸர் பழகிக்கொண்டிருந்த பெண்ணை நகரச் சொல்வார்கள். நோட்டீஸில் நாலாவதாக இருக்கிற, பெயர் தெரியாத பேண்டுக்கு அங்கே இடமிருக்காது. 1988-இல் அந்த நாலாவது இடத்தில் இருந்தது யாரு? இதே ஸ்வீட் சில்ட்ரன்தான். வளர்ந்தவர்கள் நகர்ந்தால்தான் அடுத்தவர்களுக்கு இடம் வரும். அதை அன்பா சொல்லியிருக்கலாம் என்பது வேற விஷயம்.

இன்னொரு ஒப்பீடும் பாருங்க. லுக்அவுட் ரெக்கார்ட்ஸுக்கு கிரீன் டேயின் ஆரம்ப ஆல்பங்களால் நிறையப் பணம் வந்தது. நிறுவனம் வளர்ந்தது, செலவும் வளர்ந்தது. ராயல்டி பாக்கி சேர்ந்ததால் 2005-இல் கிரீன் டே தன் ஆல்பங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2012-இல் நிறுவனம் மூடியது. யோஹானன் 1998-இல் புற்றுநோயால் இறந்தார். அவருடைய பத்திரிகையின் அச்சு இதழ் 2019-இல் நின்றது. பணம் வந்த இடமும் போனது, தொடங்கிய ஆளும் போனார். மாதாமாதம் வாடகைக்குத் திண்டாடின அந்தக் கிடங்கு, 2020 கொரோனாவில் மூடி, மறுபடி திறந்து, கிட்டத்தட்ட 40 வருஷமாக நடக்கிறது. தலைமுறை தலைமுறையாகச் சாவி கைமாறிக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

கிரீன் டே கதைக்கும் ஒரு முடிவு உண்டு. 2015 மார்ச்சில் ஓக்லண்டில் ஒரு தீ விபத்து. ஏ.கே. பிரஸ் என்ற புத்தகப் பதிப்பகமும் 1984 பிரின்டிங் என்ற சின்ன அச்சகமும் அதில் பாதிக்கப்பட்டன. அவர்களுக்கு நிதி திரட்ட 2015 மே 17 அன்று கில்மனில் ஒரு கச்சேரி. இருபது வருஷத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கிரீன் டே அங்கே வாசித்தது. அந்த ராத்திரிக்கு அவர்கள் சம்பாதிக்க வரவில்லை. ஒரு விதத்தில் அவர்களும் அன்னிக்குத் தன்னார்வலர்கள்.

இதைக் கேட்டுட்டு ‘நம்ம ஊர்ல அந்த மாதிரி இடம் இல்லையே’ன்னு பெருமூச்சு விடத் தோணும். பாருங்க, பெர்க்லியிலும் அது தானா முளைக்கவில்லை. யாரோ நகராட்சி வரிசையில் நின்றார்கள். யாரோ பக்கத்துக் கடைக்காரரிடம் கெஞ்சினார்கள். யாரோ 5 டாலர் நோட்டுகளை எண்ணி டப்பாவில் போட்டார்கள். புது இசை எங்கேயிருந்து வருதுன்னு வரலாற்றுப் புத்தகங்கள் கேட்கும்போது பாடகரின் குழந்தைப் பருவத்தைத் தோண்டுவாங்க, கிட்டார் எந்தக் கம்பெனின்னு ஆராய்வாங்க. நான் கேட்டா, அன்னிக்கு ராத்திரி துடைப்பம் யார் கையில் இருந்ததுன்னும் சேர்த்துக் கேட்பேன்.

உங்க ஊர்ல ஒரு மொட்டை மாடியிலோ கஃபேயிலோ யாராவது முதல் தடவை வாசிக்கப் போறாங்கன்னா, போங்க. டிக்கெட் வாங்கிட்டுப் போங்க. முடிஞ்சதும் உடனே கிளம்பாம நாலு நாற்காலியை மடக்கி வைங்க. இன்னிக்கு அவ்வளவுதான். அடுத்த எபிசோடில் பார்ப்போம்.